சொந்தக்காரனை விடக்கூடாது

"றைவரை விடும் தம்பி. சொந்தக்காரனைப் பிடிக்கவேணும்!"

சுன்னாகம் சந்தை வாசலில் நின்று நாகலிங்கம் போட்ட சத்தத்தில், மரக்கறி வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவருடைய வெள்ளைக் காரின் ஒரு பக்கக் கதவுகள் இரண்டும் உள்ளே போயிருந்தன. இடித்த லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின், வெங்காயம் நிரம்பிய இழுவைப் பெட்டியோடு பக்கத்திலேயே நீல நிறத்தில் நின்றது.

கார், சுவிஸில் இருக்கும் மகன் காசனுப்பி வாங்கியது. "இனி உந்தக் காருக்கு ஒரு சதமும் அனுப்பமாட்டன்" என்று மகன் போன கிழமைதான் சொல்லியிருந்தான்.

இன்சூரன்ஸ் கொம்பனியிலிருந்து வந்த ஜெனிஸ் நாலு பக்கமும் படம் எடுத்து முடித்தான்.

"உங்கடை இன்சூரன்ஸிலை எடுக்கலாம் ஐயா. ஆனா போனஸ் போயிடும். வாற வருசம் கூடக் கட்டவேண்டி வரும்."

"இடிச்சது உந்த லாண்ட்மாஸ்டர். கட்டிறது நானோ? உதின்ரை இன்சூரன்ஸிலை எடும்."

"உதுக்கு இன்சூரன்ஸே இல்லை, ஐயா."

லாண்ட்மாஸ்டர் ஓட்டிவந்த செந்தூரன் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தான். "பிழை என்னிலைதான் ஐயா. என்ரை மச்சான் கராஜ் வச்சிருக்கிறார். கதவு ரெண்டையும் நிமித்தி, பெயின்ற் அடிச்சு, நானே செய்விச்சுத் தாறன்."

புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நாகலிங்கத்திடம் புத்தியைவிடச் சட்ட அறிவு கூட.

"வாகனம் உன்ரை பேரிலையோ?"

"இல்லை ஐயா. வட்டுக்கோட்டையிலை ஒருத்தரிட்டை வாங்கினனான். அவருக்கு முந்தி வச்சிருந்த ஆள், வெறும் பேப்பரிலை கையெழுத்து மட்டும் வச்சுக் குடுத்துப்போட்டுப் போட்டாராம். இன்னும் அந்த ஆளின்ரை பேரிலைதான் கிடக்கு. பதிவுப் புத்தகத்தை நான் கண்ணாலையும் காணேல்லை. அதாலைதான் இன்சூரன்ஸும் போடேலாமல் கிடக்கு."

"பாத்தியளோ அநியாயத்தை!" நாகலிங்கம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "காசை வாங்கிப் பொக்கற்றுக்குள்ளை வச்சுக்கொண்டு, பேரை மாத்திக் குடுக்காமல் போயிருக்கிறான். எந்தக் கோதாரி பிடிப்பானோ! உவங்களாலைதான் நாடு உப்பிடிக் கிடக்குது."

"இஞ்சேருங்கோ..." என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது.

மனைவி ஞானாம்பிகை எப்போதோ காரை விட்டு இறங்கி, லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் போய் நின்றாள். முழங்கால் வருத்தக்காரி. பெட்டியின் பின்பலகையைப் பிடித்தபடி, அதற்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன இரும்புப் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். வெங்காயம் ஏற்றுகிறவர்களுக்கு அப்படி ஒரு படி தேவையே இல்லை.

"உமக்கு வெங்காயம் வேணுமெண்டா பிறகு வாங்கித் தாறன். இப்ப பேசாமல் இரும்."

கோப்பாயில் வெங்காயத் தோட்டம் வைத்துத்தான் மகனைச் சுவிஸுக்கு அனுப்பினார் நாகலிங்கம். ஆனால் கார் வந்த நாளிலிருந்து, வெங்காயம் கடைத் தட்டில் காய்க்கிற சாமான் என்பது போலத்தான் கதைத்து வந்தார்.

ஜெனிஸ் பேனையை எடுத்தான். "அப்ப பொலிசிலை முறைப்பாடு போடுங்கோ, ஐயா. நான் எழுதித் தாறன். பதிவிலை இருக்கிற சொந்தக்காரன் எங்கை ஒளிச்சாலும் பிடிச்சுப்போடுவினம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட விட்டதுக்கு வழக்கும் வரும், உங்கடை செலவும் அவரின்ரை தலையிலைதான். ஆனா பிறகு சமாதானம் எண்டு வந்து நிக்கக்கூடாது."

"காலிலை விழுந்தாலும் விடன்! அப்பிடியே எழுதும்."

"றைவரைப் பற்றி என்ன எழுத?"

நாகலிங்கம் செந்தூரனின் தோளில் கைவைத்தார். இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு மனிதனுக்கு இரக்கம் வராமல் எப்படி இருக்கும்? "இவன் பாவம், உழைச்சுத் தின்னுற பொடியன். றைவரிலை எனக்கு ஒரு குறையும் இல்லையெண்டு எழுதும். தம்பி, உன்ரை மச்சான்ரை கராஜும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீ போய் வெங்காயத்தை வில்."

செந்தூரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுசனெண்டா இப்பிடி இருக்கவேணும்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது நாகலிங்கத்தின் காதில் நன்றாகவே விழுந்தது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கால் இஞ்சாலை வந்து பாருங்கோவன்..."

"இரும் எண்டு சொன்னனெல்லே!"

ஜெனிஸ் எழுதியதை உரத்து வாசிக்கச் சொல்லி, நாகலிங்கம் கேட்டார். 'பொறுப்பில்லாத சொந்தக்காரன்' என்ற இடத்தில் 'மனச்சாட்சி இல்லாத' என்றும் சேர்க்கச் சொன்னார். பிறகு ஜெனிஸின் மோட்டார் சைக்கிள் சீற்றில் கடதாசியை வைத்து, வாலை நீட்டிச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். மகனுக்குச் சொல்ல இனி ஒரு கதையும் தேவையில்லை என்ற நிம்மதியில், மனைவியிடம் அன்பாகவே திரும்பினார்.

"இப்ப சொல்லும். எத்தினை கிலோ வேணும்?"

ஞானாம்பிகை வெங்காயத்தைப் பார்க்கவே இல்லை. செருப்பு நுனியால் படியைச் சுரண்டிக் காட்டினாள். நீலப் பெயின்ற் கழன்று, உள்ளே பழைய சிவப்புத் தெரிந்தது.

"நாங்கள் இதை விக்க முந்தி, தோட்டத்துக்குப் போகேக்கை எனக்கு ஏறக் கஷ்டமெண்டு, இந்தப் படியை நீங்கள்தானே ஒட்டுவிச்சுத் தந்தனீங்கள்?"

நாகலிங்கம் படியைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். கையெழுத்து வைத்த கடதாசி ஜெனிஸின் கையில் இருந்தது.

ஜெனிஸ் மூடிய பேனையைத் திரும்பத் திறந்தான்.

"அப்ப ஐயா, சொந்தக்காரன் எண்டு உங்கடை பேரையே போடட்டோ?"