தெறிக்காத நீர்

அவள் குதிமேடையின் ஏணியைப் பிடித்து ஏறினாள். பயிற்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு இதில் ஏறியதே இல்லை. முழங்கால் வலித்தது.

கீழே, நீச்சல் குளத்தின் ஓரத்தில், ஜெசிந்தாவின் அம்மா தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நான் திரும்ப மாட்டேன் மிஸ். அவளுக்குச் சொல்லிக்குடுத்த மாதிரியே குதிங்க."

ஜெசிந்தா அவளுடைய மாணவி. போன மாதம் ஊருக்குப் போன இடத்தில், கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்தாள்.

அடியில் பாறை. பிழைக்கவில்லை.

அண்ணன் ரீகன் கரையில்தான் இருந்தான். கையில் செல்போன், இதேபோல முதுகு காட்டி. சத்தமே கேட்கவில்லை என்றான். கேட்டிருந்தால் திரும்பியிருப்பேனே என்று அழுதான்.

அம்மா நம்பவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போடுகிறார். பேசுவதில்லை.

அவள் மேடையின் விளிம்புக்கு வந்தாள்.

தண்ணீரைத் திறப்பது கைகள்தான். உள்ளங்கைகளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மோதினால் நீரில் ஒரு பள்ளம் விழும். அது மூடுவதற்குள் தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் அந்த வழியே போய்விட வேண்டும். போய்விட்டால் மேலே ஒன்றும் தெறிக்காது. தாள் கிழிவது போல ஓர் ஓசை. அவ்வளவுதான்.

தண்ணிக்கே தெரியக் கூடாதுடி என்று அந்தப் பெண்ணிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

கால் சற்று மடங்கினால் போதும். நீர் வெடித்துச் சிதறும், அம்மாவின் காதில் விழும். பழி அந்தப் பையனோடு நின்றுவிடும். அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

மதிலுக்கு வெளியே ஏதோ வண்டி ஒலி எழுப்பிக்கொண்டே போனது.

அவள் கைகளைச் சேர்த்தாள்.

பாய்ந்தாள்.

போட்டிகளில் கூட இவ்வளவு சுத்தமாக அவள் விழுந்ததில்லை. நீர் அவளை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது.

தரையைத் தொட்டாள். உடனே மேலே வரவில்லை. அழுவதற்கு வேறு நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது.

மூச்சு முட்டியபோது எழும்பி, ஓரத்துக் கம்பியைப் பற்றினாள்.

அம்மா அப்படியே இருந்தார். மடியில் கைகள். பார்வை மதில்மேல்.

"பயமா இருந்தா விட்டுருங்க மிஸ்," என்றார், திரும்பாமல். "கீழ எறங்கி வந்துருங்க."