உள்ளே இருந்தவருக்கு என்ன அவசரம்?

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கடிதத்தை எடுத்துக் குடுங்க. கதாநாயகன் மாதிரி வசனம் ஏதும் வேண்டாம்" என்றாள் மனைவி, கோர்ட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியபடி.

ஓட்டுநர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடிதம் பத்திரமாக இருந்தது. சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவரை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் இவர்தான், பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று, நோயாளியின் பெயரையும் போட்டு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

இவர் ஓட்டுவது சவ வண்டி. நாலு மாதத்துக்கு முன்னால் காலி வண்டியோடு திரும்பும்போது வழியில் ஒரு கூட்டம். எத்தனையோ கார்கள் ஒதுங்கிப் போய்விட்டன. நின்றது இவர் வண்டிதான். நாற்பதுக்கு மேல் போகக் கூடாத சாலையில் தொண்ணூற்றிரண்டில் பறந்தார். அதைக் கேமரா படம் பிடித்து வீட்டுக்கே நோட்டீஸ் வந்துவிட்டது. கேமராவுக்கு நல்லது கெட்டது தெரியுமா, பாவம்.

போன வருடமும் ஒரு தடவை மாட்டியிருந்தார். இது இரண்டாவது. குற்றம் உறுதியானால் மூன்று மாதம் லைசென்ஸ் போய்விடும். அதுவரை வேலையைக் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்க முதலாளி ஒன்றும் மாமனார் இல்லை.

"யாரு இதைக் கொண்டுவந்து கோர்ட்டு வாசல்ல நிறுத்தினது?"

ஒரு பெண்மணி கைப்பையால் முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வந்தார். "வேலைக்கு வர்ற நேரத்துல இதுலயா முழிக்கணும்? நகர்த்துங்க, நகர்த்துங்க!"

மனைவிக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, என்னிக்கா இருந்தாலும் எல்லாரும் ஏற வேண்டிய வண்டிதானே?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க!" அந்தப் பெண்மணி உள்ளே ஓடியே போய்விட்டார்.

காவலாளி சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. இங்கே டைப்பிஸ்ட் அவங்க. மனசுல ஒண்ணும் கிடையாது. தெருக்கோடியில சவ வண்டி தெரிஞ்சாலே அன்னிக்குப் பூரா சாப்பிட மாட்டாங்க. நீண்ட லீவு முடிஞ்சு போன வாரம்தான் வந்தாங்க. அதுக்குள்ள இப்படி."

ஓட்டுநர் வண்டியை எடுத்து, சுற்றுச்சுவருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்தார்.

உள்ளே இவர் முறை வந்ததும் போலீஸ்காரர் படத்தை நீட்டினார். நீதிபதி கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டார்.

"சவ வண்டியா? தொண்ணூத்தி ரெண்டா?"

போலீஸ்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அதான் எனக்கும் புரியலைங்க ஐயா. உள்ளே இருந்தவருக்கு என்ன அவசரம்?"

அறையே சிரித்தது. மூலையில் டைப்பிஸ்டும் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"காரணம் இருக்குங்க ஐயா" என்றார் ஓட்டுநர் நிதானமாக. "ஆஸ்பத்திரி கடிதம் கொண்டு வந்திருக்கேன்."

பின் பெஞ்சில் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படியா? நல்லது. டைப்பிஸ்ட் அம்மாகிட்ட குடுங்க. ஒரு வரி விடாம வாசிச்சுப் பதிவுல ஏத்தட்டும்."

ஓட்டுநர் மேசையருகே போனார். டைப்பிஸ்ட் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்த முகத்தோடு நிமிர்ந்து கையை நீட்டினார். ஓட்டுநர் அவரையே பார்த்தபடி நின்றார்.

"குடுங்க" என்று விரல்களை அசைத்தார் டைப்பிஸ்ட்.

ஓட்டுநர் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

"வேண்டாங்க ஐயா. இது வேற எதுக்கோ உள்ள கடிதம். வேகமாப் போனது என் தப்புதான்."

"என்னங்க!" மனைவி எழுந்தே விட்டாள்.

"உட்காருங்கம்மா." நீதிபதி ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "யோசிச்சுச் சொல்லுங்க. மூணு மாசம் வண்டியைத் தொட முடியாது."

"தெரியுங்க ஐயா."

தீர்ப்பு இரண்டே வரி. நாளையிலிருந்து மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. டைப்பிஸ்ட் அதை மளமளவென்று அடித்து முடித்தார்.

வண்டி நின்ற இடத்துக்கு வந்ததும் மனைவி வெடித்தாள்.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னா இதுதான்! உங்களுக்கு என்ன வந்துச்சு? ஒரு உயிரைக் காப்பாத்தினேன்னு சொல்ல வெட்கமா?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில அடிபட்டவங்களோட வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாருன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. 'எந்த வண்டியில வந்தோம்னு மட்டும் என் பொண்டாட்டிக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா பயத்துலயே போயிடுவா'ன்னு சொன்னாராமே. அதுக்கென்ன இப்போ? அந்தம்மா எந்த ஊர்ல, எந்த மூலையில இருக்காங்களோ!"

ஓட்டுநர் வண்டிக் கதவைத் திறந்தார்.

"நான் கடிதத்தைக் குடுத்திருந்தா, அவங்க பேரை அவங்களே டைப் அடிச்சிருப்பாங்க."