பாதி ஆள்

சாயப்பட்டறை எனக்கு ஒரு நாள் லீவு பாக்கி வைத்திருந்தது. தீபாவளியன்று தனியாளாகப் பாய்லரைப் பார்த்துக்கொண்டதற்கு ஈடு. மகள் தேன்மதியைப் பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அதைக் கேட்டேன். இப்போதெல்லாம் ஷிப்டு போடுவது கம்ப்யூட்டர். அதை ஓட்டும் மேகலா மேடம் முதலில் வந்த விடையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆறுச்சாமிண்ணே, ஞாயித்துக்கெழம நீங்க பாதி பாய்லர்ல இருக்கீங்க, பாதி வீட்டுல இருக்கீங்க."

"அந்தப் பாதியே போதுமுங்க. வந்தவங்களுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு ஓடியாந்துர்றேன்."

"அரை நாள் இல்லண்ணே, அரை ஆள். ஆளை வெட்ட முடியுமா? ஒண்ணு இல்லாட்டி சைபர்னு முழுசா வரணும்."

முழு எண்ணாகக் கேட்டு மறுபடி ஓட விட்டார். டீ ஆறும்வரை அது யோசித்தது. பாய்லர் அணையக்கூடாது, லைசென்ஸ் இல்லாதவன் அதைத் தொடக்கூடாது, இதெல்லாம் மீறவே முடியாத விதியாம். என் மகள் காரியம் 'முடிந்தால்' என்ற வரிசையில் கிடந்தது.

"அதையும் மேல ஏத்துங்க மேடம்."

"ஏத்திப் பாத்துட்டேண்ணே. விடையே இல்லைங்குது. லைசென்ஸ் இருக்கற இன்னொருத்தரு திங்கக்கெழமதான் வர்றாரு."

தாள் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஞாயிறு, பகலும் இரவும் பாய்லர். திங்கள், விடுப்பு.

"பாக்கி தீந்துதுண்ணே," என்றார்.

திங்கட்கிழமை காலை முழு ஆளாக வீடு போய்ச் சேர்ந்தேன். வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளை இன்னும் எடுக்கவில்லை. நடு நாற்காலியின் முதுகில் என் வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாமல், கழுத்துவரை பொத்தான் போட்டு மாட்டியிருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டில் ஆறிப்போன பஜ்ஜி.