பொத்தானோடு வந்த சட்டை

முதல் குளியலில் புதுக் கார் மகிழ்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். இது பெரும்பிழை. அன்று தெய்வசிகாமணியின் கார் கொதித்துக்கொண்டிருந்தது. பூஜையில் வைத்த சந்தனம் பானெட்டில் காய்ந்து இறுகியிருந்தது. அதைத் துடைக்க அவர் எடுத்துவந்த பழைய சட்டையில் ஒரு பொத்தான் மிச்சமிருந்தது.

“ஏய் கந்தல், பொத்தானோடு என்மேல் ஏறாதே!” என்று கத்தியது கார்.

“யாரைப் பார்த்துடா கந்தல் என்கிறாய்? பதினொரு வருஷம் அவர் நெஞ்சில் கிடந்தவன் நான். நேற்று வந்த உனக்கு மெழுகு, எனக்கு அழுக்கு வாளியா?” என்றது சட்டை.

“மெழுகையும் நீயே வைத்துக்கொள். என் பெயின்டை விட்டுவிடு!”

சட்டை விடவில்லை. சந்தனம் போனது. பிறகு பூசிய மெழுகு, கீறலுக்குள் இறங்கி முழநீள வெள்ளைக் கோடாக நின்றது.

தெய்வசிகாமணி நிமிர்ந்து எதிர்வீட்டுப் பையனின் சைக்கிளைப் பார்த்தார்.

இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.