எரிகிற டியூப்

"அவ கையில இதைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு, ரோட்டுல விட்டுடலாம். காக்காயாவது ஒரே கொத்துல முடிச்சிடும்."

ரேலீன் இதைச் சொல்லும்போதே டாலியா வாசலில் வந்து நின்றுவிட்டாள். காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் கெரினும் நினைத்தாள்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் இந்தப் பெண்தான் அந்தத் தாடி ஓணான் குட்டியை ஷூ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. மூன்று மாசக் குட்டி, உள்ளங்கை அளவுகூட வளரவில்லை. காலெல்லாம் வளைந்து, தாடை ரப்பராய்த் துவண்டு, தொட்டால் வெடவெடவென்று நடுங்கிற்று.

ஊர்வன மீட்புக் குழுவில் இருபது வருஷமாக இருக்கிற கெரினுக்கே கண் கலங்கிவிட்டது.

பூசணியை மசித்துச் சொட்டுக் குழாயால் வாயில் விட்டாள். வெந்நீர்க் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு காலை நீவி விட்டாள். சத்துப் பொடியில் புரட்டிய சிள்வண்டை ஒவ்வொன்றாக ஊட்டினாள். இப்போது குட்டி கல்லின் மேல் ஏறித் தாடியை உப்பிக் காட்டுகிறது. பின்னங்கால் கோணல் மட்டும் இனி நிமிராது.

"உள்ள வா. கையில என்ன?"

"பழைய டியூப் லைட்டுங்க, இவன் தொட்டியில மாட்டியிருந்தது. இதே அளவுல புதுசு வாங்கணும், உங்ககிட்ட கேட்டுட்டு வாங்கலாம்னு..." துண்டில் சுற்றியதை மார்போடு அணைத்துக்கொண்டு டாலியா கண்ணாடித் தொட்டியிலிருந்த குட்டியை எட்டிப் பார்த்தாள். "பிஸ்கட்டுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?"

"ஏன் இருக்காது? நொண்டுறப்போ எல்லாம் நினைச்சுக்கும்," என்றாள் ரேலீன்.

ரேலீன் குழுவின் செயலாளர். அவள் மடியில் ஒரு படிவம். திருப்பிக் கொடுக்கலாம், கூடாது என்று இரண்டு கட்டம். வளர்த்துத் தேற்றிய கெரின்தான் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூடாது என்றால் டாலியாவின் வளர்ப்பு உரிமமும் அதோடு போய்விடும்.

"நம்ம மில்டுரா ஊர்ல வெயில் கொட்டிக் கிடக்கு. ஒரு ஓணானுக்கு வெயில் காட்ட முடியலையா உனக்கு?" என்றாள் ரேலீன்.

"திராட்சை அடுக்குற ஷெட்டுல வேலைங்க. காலைல ஆறு மணிக்குப் போனா பொழுது சாஞ்சுதான் விடுவாங்க. நான் வீட்டுக்கு வர்றப்போ வெயில் போயிடும். அதான் வெயில் டியூப் வாங்கி மாட்டினேன். தினம் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். எரிஞ்சுது. நல்லா வெள்ளையா எரிஞ்சுது."

கெரினுக்கு இதுதான் பொறுக்காது.

"எரிஞ்சா ஆச்சா? அதுல வெயில் சத்து ஆறு மாசந்தான் கண்ணு. அப்புறம் வெறும் வெளிச்சம். வெளிச்சத்தைத் தின்னா எலும்பு வளருமா? மேல பாரு."

தொட்டிகளுக்கு மேலே வரிசையாக டியூப்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை மையில் ஒரு தேதி. பக்கத்தில் குட்டி வட்டம், அதற்குள் கெரின் பெயரின் முதல் எழுத்து.

"மாட்டுற அன்னிக்கே எழுதிடுவேன். ஆறு மாசம் ஆச்சுன்னா கழற்றிடுவேன். ஒரு நாள் தள்ள மாட்டேன். நீ எங்க வாங்கின உன்னோடதை?"

டாலியா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும். பிறகு திரும்ப முதலிலிருந்து.

"ஞாபகம் இல்லைங்க."

"வாங்கின இடமேவா?"

"இல்லைங்க. பழசா இருக்கும்னு நான்தான் யோசிக்கல. என் தப்புதான்."

"போன் எங்க வாங்கினேன்னு கேளு, கடை வாசப்படி வரைக்கும் சொல்லும்," என்றாள் ரேலீன்.

"கொடு, பாப்போம்." கெரின் கையை நீட்டினாள்.

"வேண்டாங்க. நான் போற வழியில குப்பையில போட்டுடறேன்."

"கொடுன்றேன்."

வாங்கித் துண்டை விலக்கி, டியூப்பின் ஓரத்தைத் திருப்பினாள்.

பச்சை மை. மூன்று வருஷத்துக்கு முந்தின மார்ச் மாதம். பக்கத்தில் குட்டி வட்டம்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஊர்க் கண்காட்சியில், நிதி திரட்டக் குழு ஒரு மேசை போட்டது. கொட்டகையில் கழற்றிப் போட்டிருந்த டியூப்களை, எரிகிறதே, யாருக்காவது ஆகட்டும் என்று பெட்டியோடு அள்ளிக்கொண்டு போய் அங்கே விற்க வைத்தது கெரின்தான்.

ஞாபகம் இல்லை என்று அந்தப் பெண் ஏன் சொன்னாள் என்பது இப்போது விளங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். டாலியா இவள் பக்கமே திரும்பவில்லை. தொட்டியின் கண்ணாடியில் விரலை வைத்திருந்தாள். உள்ளே இருந்து குட்டி அந்த விரலை நோக்கி நொண்டி நொண்டி வந்தது.

"என்னடி எழுதியிருக்கு அதுல?" ரேலீன் கழுத்தை நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல." கெரின் துண்டை இறுக்கிச் சுற்றினாள்.

"வெந்நீர்ல காலை நீவி விடணும்னு சொன்னீங்கள்ல," டாலியா மெதுவாகச் சொன்னாள். "அதையும் பழகிக்கிட்டேங்க. நல்லா பாத்துக்குவேன்."

ரேலீன் படிவத்தை நீட்டினாள். "கொடுக்கலாமா, கூடாதா? எழுதிக் கொடு, எனக்கு வேலை கிடக்கு."

கெரின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற பச்சைப் பேனாவை எடுத்தாள். மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள். பிறகு மூடித் திரும்பப் பையிலேயே செருகினாள்.

"உன் நீலப் பேனாவைக் கொடு, ரேலீன்."

வாங்கி, 'கூடாது' என்ற கட்டத்தில் குறி போட்டு, காரணம் என்ற இடத்தில் நிதானமாக எழுதினாள்: "பழைய டியூப் மாட்டியிருந்தார். அலட்சியம்."