நாலு நம்பர் பூட்டு

'தவறான எண்' என்று டிவி திரை ஏழாவது தடவையாகச் சொன்னது.

மெக்கானிக் ரிமோட்டைத் திருப்பி உள்ளங்கையில் தட்டினார். பேட்டரிகளைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, இடம் மாற்றிப் போட்டார். மறுபடியும் இரண்டு, ஐந்து, எட்டு, பூஜ்யம்.

தவறான எண்.

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டே வயரிங்கைச் சரி செய்தவர். ஓய்வு பெற்ற காலத்தில் போயும் போயும் ஒரு டிவிடி பிளேயரிடமா தோற்பது?

இத்தனைக்கும் பூட்டைப் போட்டவரே அவர்தான். மகள் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்த வருடம், படம் பார்த்தே பெண் கெட்டுப்போவாள் என்று பயந்து, எந்த டிஸ்க் போட்டாலும் நாலு எண் கேட்கும்படி செய்து வைத்தார். தேர்வு முடிந்தது. மகள் இன்ஜினியரிங் முடித்தாள், வேலைக்கும் போனாள். பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. இன்றைக்கும் ரிமோட்டைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துவார்.

நேற்று சாயங்காலம்கூடத் திறந்தது. பழைய படம் ஒன்றைப் பாதி பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார்.

இன்று டிரேயில் இருப்பது மகள் எடுத்த படம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கப்போகிறேன் என்றாள். படம் எடுத்து எவன் உருப்பட்டான் என்று கேட்டார். அதற்கு மேலும் ஏதேதோ கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு மட்டும் ஃபோன் வரும். அந்த நேரம் பார்த்து இவர் பேப்பரை விரித்து வைத்துக்கொள்வார். ஒரு வரிகூடப் படிக்க மாட்டார், காது மட்டும் ஃபோன் பக்கம் இருக்கும்.

அவளுடைய முதல் படம் அது, இருபது நிமிடம். கூரியர் உறையில் அம்மா பெயர். டிஸ்க்கின் மேல் மார்க்கர் பேனாவில் பொடி எழுத்தில், 'அப்பாவும் பார்த்தால் சந்தோஷம்.'

அந்த வரியைப் பார்க்காதவர் போலத்தான் டிஸ்க்கை உள்ளே வைத்தார். ஆனால் அதற்கு முன்பே முகம் கழுவி, சட்டை மாற்றியிருந்தார்.

"எல்லாம் உனக்காகத்தான் பாடுபடறேன்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

செட்டிங்ஸுக்குள் போனால் அங்கேயும் அதே நாலு கட்டம். கையேட்டின் கடைசிப் பக்கம் சொன்னபடி, டிரேயைத் திறந்து வைத்து ஸ்டாப் பொத்தானை ஏழு விநாடி அழுத்தினார். பருப்பு வேகவில்லை.

சாஃப்ட்வேர்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டினார். பழுது என்று வந்தால் மனிதர்கள் மேல் அவருக்குச் சந்தேகமே வராது. மெக்கானிக் புத்தி அப்படி.

கம்பெனி இணையதளத்தில் மாடல் எண்ணைத் தேடிப் பிடித்து, அதை இயக்கும் புது சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் ஏற்றி, பிளேயரில் செருகினார். முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்றது திரை. சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இஸ்திரிப் பெட்டியோடு வந்த மனைவியை விரட்டிவிட்டார்.

நூறு சதவீதம். பிளேயர் அணைந்து மறுபடி உயிர் பெற்றது. மெனு முழுக்க யாருக்கும் புரியாத ஒரு மொழிக்கு மாறியிருந்தது. நாலு கட்டம் மட்டும் மாறவில்லை. எண்ணை அழுத்தினார். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. மொழி தெரியாவிட்டாலும் திட்டு புரிந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. கோபித்துக்கொண்டு போன பெண்ணே இறங்கி வந்து கூப்பிட்டிருக்கிறாள், அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இருந்தது.

இந்தப் பூட்டை உடைத்தவள் உலகத்தில் ஒருத்திதான். அந்தத் தேர்வு வருடத்திலேயே, ஏதோ மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தித் திறந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாள் வேலையிடத்தில் எல்லோரிடமும் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது மகளுக்குத் தெரியாது.

மனைவியின் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சொல்லும்மா" என்றது மகளின் குரல்.

"அம்மா இல்ல, அப்பா பேசறேன். இந்த டிவிடி பிளேயர் தகராறு பண்ணுது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

எந்த மூன்று பொத்தான் என்று அவளுக்கும் மறந்துவிட்டதாம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். அவள் பொய் சொன்னாள் என்று குரலிலேயே தெரிந்தது. வேலையிடத்தில் பெருமையடித்த கதையைச் சொன்னார். அவள் சிரித்தாள். தான் அன்றைக்குப் பேசியது தப்பு என்றும் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

பிளேயரைப் பற்றி அதற்குப் பிறகு இருவருமே பேசவில்லை.

உள்ளே வந்தால், டிவி திரையின் நடுவில் மகளின் பெயர் நின்றுகொண்டிருந்தது. மனைவி படத்தை அங்கேயே நிறுத்தி வைத்து, ரிமோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஹாலில் டிவி ஓடிய சத்தம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"என்ன நம்பர் மாத்தி வச்சே?" என்று கேட்டார்.

"பழைய நம்பர் எனக்கு எப்பவோ தெரியும். புதுசு எதுக்கு உங்களுக்கு? அடுத்த படம் வந்தா மறுபடியும் அவளுக்கே ஃபோன் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் சோபாவில் நகர்ந்து இடம் விட்டாள்.