வேகத்தடை

கருத்தரிப்பு மருத்துவமனையில் நான்காவது முறையாக இன்பவல்லியின் வயிற்றில் கருவை வைத்து அனுப்பினார்கள். உறையவைத்திருந்தவற்றில் அதுதான் கடைசி. வண்டி குலுங்கினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் முதல் வேகத்தடையிலேயே அவள் அலறிவிட்டாள். விவரம் கேட்ட ஆட்டோக்காரர், அடுத்த வேகத்தடையில் இன்ஜினை அணைத்து இறங்கினார். ஆட்டோவைக் கையால் தள்ளி ஏற்றி, முதுகு கொடுத்து மெல்ல இறக்கினார். பின்னால் ஹாரன்கள் கதறின.

"என்னய்யா, வண்டிக்கு நடை பழக்குறியா?" என்றான் பைக்கில் வந்தவன்.

"உள்ள சாமி உக்காந்திருக்குய்யா. சுத்திப் போ."

"இன்னும் எத்தனைண்ணா இருக்கு?" என்றாள்.

"பதினொண்ணு தங்கச்சி. எல்லாத்துலயும் இறங்குறேன்."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டு, உடம்பு அசையாமல் அழ முயன்றாள்.